பழைய அமெரிக்க மஸில் கார்: வாங்க, பராமரிக்க, மாற்ற, விலை மதிக்க 25 குறிப்புகள்

நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு காலத்தில் விதி வைத்திருந்தது. அதன் பாண்டியாக் பிரிவில் இருந்த ஜான் டெலோரியனும் அவருடைய பொறியாளர்களும் 1964 மாடலில் அந்த விதியைச் சாமர்த்தியமாகத் தாண்டினார்கள். தனி மாடல் என்று சொல்லாமல், டெம்பெஸ்ட் கார் வாங்குபவர் கூடுதல் பணம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வசதியாக 389 கன அங்குல வி8 எஞ்சினை விற்றார்கள். அதன் பெயர் ஜிடிஓ. 5,000 போனால் போதும் என்று எதிர்பார்த்தது முதல் ஆண்டிலேயே 32,450 விற்றது. செவல், சார்ஜர், ரோட் ரன்னர், 'குடா என்று வரிசையாக வந்த மஸில் கார்களின் காலம் அப்படித்தான் சூடு பிடித்தது. புகைக் கட்டுப்பாடும் ஏறிக்கொண்டே போன இன்ஷூரன்ஸ் கட்டணமும் 1972-க்குள் அதை அடக்கிவிட்டன.

அந்தக் கார்களை இன்றும் அமெரிக்காவில் வீட்டு கராஜில் வைத்துப் பராமரிக்கிறார்கள். டெட்ராய்ட் வட்டாரத்தில் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழர்களில் சிலருக்கும் இந்த ஆசை உண்டு. ஆசையோடு இறங்குபவர்கள் பணத்தையும் இழக்கக் கூடாது, அருமையான காரையும் கெடுத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

வாங்கும் முன்

1. எதற்கு வாங்குகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள். விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஓட்டவா, கண்காட்சியில் நிறுத்தவா, பணம் போட்டு வைக்கவா, பிரித்துப் போட்டு உங்கள் விருப்பப்படி மாற்றவா? நாலுக்கும் நாலு விதமான கார் வேண்டும். மாற்றும் ஆசை இருப்பவர்கள், அசல் எஞ்சின் ஏற்கெனவே போய்விட்ட காரையோ, சாதாரண ஆறு சிலிண்டர் காரையோ வாங்குவது நல்லது. விலையும் குறைவு, மாற்றினாலும் பெரிய இழப்பில்லை.

2. முதல் கார் என்றால் உதிரி பாகம் தாராளமாகக் கிடைக்கும் மாடலாகப் பாருங்கள். 1964 ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங்குக்கும், 1967 முதல் 1969 வரையிலான கமாரோவுக்கும் கதவு, ஃபெண்டர், ஃப்ளோர் தகடு என்று கிட்டத்தட்ட எல்லாமே புதிதாக அச்சில் அழுத்தித் தயாரித்து விற்கிறார்கள். ஏஎம்சி கம்பெனியின் ஏஎம்எக்ஸ் அழகான கார்தான். ஆனால் அதற்கு ஒரு சின்ன அலங்காரப் பட்டைக்கும் தேடி அலைய வேண்டியிருக்கும்.

3. எஞ்சினைவிடத் துருவுக்குப் பயப்படுங்கள். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். துருப்பிடித்த உடலுக்கு எவ்வளவு ஆகும் என்பது பிரித்த பிறகுதான் தெரியும். மிச்சிகன், ஒஹையோ போன்ற மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். அங்கே ஓடிய கார்களில் துரு அதிகம். அரிசோனா, கலிஃபோர்னியா கார்களில் தகடு நன்றாக இருக்கும். டேஷ்போர்டும் சீட்டும் வெயிலில் வெடித்திருக்கும். இரண்டில் ஒன்று என்றால் வெடித்த டேஷ்போர்டையே எடுங்கள்.

4. பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் கீறாமலிருக்க மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு, பின்சக்கரத்தைச் சுற்றிய பகுதி, கதவின் அடிப்பகுதி, முன் ஃபெண்டரின் கீழ்மூலை ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். இரும்பில் பிடிக்கும் காந்தம் ஓரிடத்தில் நழுவினால், அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பட்டி போட்டு மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்த கார்தான் அதிகம் ஏமாற்றும்.

5. 1965 முதல் 1968 வரையிலான மஸ்டாங்குக்குத் தண்ணீர்ச் சோதனை கட்டாயம். முன்கண்ணாடிக்கு அடியில், பானெட் முடியும் இடத்தில் காற்று போகும் துளைகள் இருக்கும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே காலடி விரிப்பைத் தூக்கி, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டினால் உள் தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அதைச் சரிசெய்ய ஃபெண்டரைக் கழற்றி, ஸ்பாட் வெல்டிங்கை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுக்க வேண்டும். அந்தக் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள்.

6. காரைத் தூக்கி அடியில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். செவல், ஜிடிஓ கார்களுக்குத் தனி சேஸிஸ் உண்டு. பின்சக்கரத்துக்கு மேலே அது வளையும் இடம் அரித்திருக்கிறதா பாருங்கள். மஸ்டாங்கிலும் கிரைஸ்லர் கார்களிலும் உடலே சேஸிஸ். கிரைஸ்லர் கார்களில் முன்பக்கம் தாங்கும் டார்ஷன் பார், நடுவிலுள்ள குறுக்குச் சட்டத்தில் பொருந்தியிருக்கும். அந்தச் சட்டம் அரித்திருந்தால் காரை ஓட்டுவதே ஆபத்து. மேற்கூரையில் வினைல் உறை இருந்தால் பின்கண்ணாடியின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். உறைக்கு அடியில் தேங்கும் ஈரம் அங்கேதான் வேலையைக் காட்டும்.

7. விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக்கை வைத்துச் சோதியுங்கள். அந்தக் குறிப்பிட்ட கம்பெனிக் கார்களிலேயே ஊறியவர் ஒவ்வொரு மாநிலத்திலும் இருப்பார். வெளியூர்க் கார் என்றாலும் அவருக்குக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புகைப்படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

எண்களும் காகிதங்களும்

8. காரின் அடையாள எண் தகடும் டைட்டில் பத்திரமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 1968 முதல் இந்தத் தகடு முன்கண்ணாடி வழியாகவே தெரியும். ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அதைப் பூவிதழ் வடிவ ரிவெட்டால் அடித்திருப்பார்கள். சாதாரண வட்ட ரிவெட்டோ, நெம்பிய தடயமோ, ஸ்க்ரூவோ இருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். தகடு மாற்றிய கார் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

9. அடையாள எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1969 கமாரோவில் எண் 124 என்று தொடங்கினால் வி8, 123 என்றால் ஆறு சிலிண்டர். அவ்வளவுதான் சொல்லும், அது அதிவேக வகைகளான எஸ்எஸ் காரா, இசட்/28-ஆ என்று சொல்லாது. 1966 முதல் 1968 வரையிலான செவலில் 138 என்று தொடங்கினால் எஸ்எஸ் என்று உறுதி. 1969 முதல் அந்த வசதி இல்லை. ஜிடிஓவுக்கு 1966 முதல் 242 என்ற தொடக்கம் உண்டு.

10. ஃபோர்டும் கிரைஸ்லரும் இதில் கொஞ்சம் தாராளம். இரண்டிலும் ஐந்தாவது எழுத்து எஞ்சினைக் காட்டும். 1965 முதல் 1967 வரையிலான மஸ்டாங்கில் 'கே' என்றால் அதிவேக 289 எஞ்சின். கிரைஸ்லரின் 1970 பிளிமத், டாட்ஜ் கார்களில் 'ஆர்' என்றால் 426 ஹெமி, 'வி' என்றால் மூன்று கார்புரேட்டர் வைத்த 440. ஹெமி என்று விலை சொல்லும் 1970 காரில் ஐந்தாவது எழுத்து 'ஆர்' இல்லையென்றால் அது கம்பெனி வைத்த ஹெமி அல்ல.

11. எஞ்சின் பிளாக்கில் அடித்த எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். செவர்லே வி8-ல் பயணியின் பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் விரல் அகலத்தில் சமதளம் ஒன்று இருக்கும். அழுக்கைத் துணியால் துடைத்தால் 'வி0514டிஇசட்' என்பது போல எழுத்துகள் தெரியும். 'வி' என்றால் ஃபிளின்ட் எஞ்சின் ஆலை, 0514 என்றால் மே 14, 'டிஇசட்' என்றால் 1969 இசட்/28-இன் 302 எஞ்சின். அந்தச் சமதளத்தில் ஆலை இயந்திரம் விட்ட மெல்லிய நேர்கோடுகள் இருக்க வேண்டும். கோடு அழிந்து வழவழப்பாக இருந்தால், எஞ்சினைப் பிரித்தபோது சீவியிருக்கலாம், புதிதாகப் போலி எண்ணும் அடித்திருக்கலாம். நிபுணர் பார்க்காமல் அந்த எண்ணுக்குப் பணம் தராதீர்கள்.

12. தேதிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். பிளாக் வார்த்த தேதி, எஞ்சின் பூட்டிய தேதி, கார் தயாரான தேதி என்று ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். மார்ச்சில் தயாரான காரில் மே மாதம் வார்த்த எஞ்சின் இருந்தால், யார் என்ன சொன்னாலும் அது அசல் எஞ்சின் இல்லை.

13. காரில் ஒளிந்திருக்கும் ஆலைக் காகிதத்தைத் தேடுங்கள். கார் தயாராகும்போது எந்தெந்தப் பாகம் பூட்ட வேண்டும் என்று ஆலையில் அச்சிட்ட தாளைப் பல கார்களில் பின்சீட்டின் ஸ்பிரிங்கிலோ பெட்ரோல் டேங்குக்கு மேலேயோ செருகியபடியே விட்டுவிட்டார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேலாகி மஞ்சளித்து, எலி கடித்திருந்தாலும் அது பொன்னான காகிதம். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஒட்டவோ லேமினேட் செய்யவோ வேண்டாம்.

14. கம்பெனிப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். 1967 முதல் வந்த ஃபோர்டுக்கு, மார்ட்டி ரிப்போர்ட் ஆலைத் தகவலைக் கொடுக்கும். பாண்டியாக்குக்கு, பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் அசல் பில்லின் நகலைத் தரும். அமெரிக்காவில் விற்ற செவர்லேக்கு இப்படிப்பட்ட பதிவேடு இல்லாததால், பழைய ரசீதும் ஆலைத் தாளும் வைத்திருப்பவருக்கே கூடுதல் விலை.

15. நகல் கார் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம். சாதாரண செவல் மாலிபுவில் எஸ்எஸ் முத்திரையும் பெரிய எஞ்சினும் பூட்டிய கார் ஓட்ட அதே இன்பம்தான். ஆனால் நகல் விலையில் வாங்குங்கள். ஆதாரம் கேட்டால், "எல்லாம் அசல்தான், காகிதம் மட்டும் தொலைந்துவிட்டது" என்பவரிடமும் நகல் விலைதான் கேட்க வேண்டும்.

வாங்கிய பின்

16. முதல் செலவு பிரேக்குக்குத்தான். 1966 வரை பெரும்பாலான அமெரிக்கக் கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. ஒரு குழாய் ஒழுகினால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். 1967 முதல் இரட்டை அறை வந்தது. பழைய காரில் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரும், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் போடுங்கள். கழற்றிய டிரம்மைப் பெட்டியில் போட்டு வைத்தால் காரின் மதிப்பும் குறையாது, உயிருக்கும் பாதுகாப்பு.

17. டயரின் வயதைப் படியுங்கள். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் எண்ணின் கடைசி நாலு இலக்கம், வாரமும் ஆண்டும்: 2315 என்றால் 2015-இன் 23-ஆவது வாரம். பூ தேயாமல் புதிது போலிருந்தாலும் பத்து வயதான டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். 1968-க்கு முந்தைய கார்களில் பெரும்பாலும் இடுப்புப் பட்டை மட்டும்தான். பிள்ளைகளை ஏற்றுவதென்றால் தோள்பட்டையோடு கூடிய சீட் பெல்ட் போட்ட பிறகே ஏற்றுங்கள்.

18. கடையில் கிடைக்கும் புதுக் கார் ஆயிலை ஊற்றாதீர்கள். அந்தக் காலத்து எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட்டும் லிஃப்டரும் ஒன்றோடொன்று உரசிச் சுழல்பவை. துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த சேர்க்கைதான் அவற்றைத் தேயாமல் காக்கும். புகைக் கட்டுப்பாட்டுக் கருவியைக் காப்பதற்காக இக்காலத்து ஆயிலில் அதைக் குறைத்துவிட்டார்கள். 'பழைய கார்களுக்கு' என்று போட்டிருக்கும் ஆயிலை வாங்குங்கள். புது கேம் போட்டால் முதல் 20 நிமிடம் 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓட விடுங்கள். ஐடிலில் விட்டால் அன்றைக்கே தேய்ந்துவிடும்.

19. பெட்ரோலில் கவனம் வையுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 1996 முதல் அமெரிக்கச் சாலைகளில் தடை. ஹெட்டைத் திறக்கும் சமயத்தில் கடினமான வால்வு சீட் போட்டுவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் உள்ள எத்தனால் பழைய ரப்பர்க் குழாயை அரிக்கும்; அரித்த குழாயால் எஞ்சின் தீப்பிடித்த கார்கள் உண்டு. எத்தனாலைத் தாங்கும் குழாயாக முழுதும் மாற்றுங்கள். அதிக அழுத்தத்தில் ஓடும் எஞ்சினுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் மட்டும் போடுங்கள்.

20. பனிக்காலத்தில் காரை நிறுத்தும் முன் டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்கும் திரவத்தைக் கலந்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். ஆயிலை மாற்றி, பேட்டரியை மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் கருவியில் மாட்டுங்கள். எலி நுழையாமல் புகைக்குழாய் வாயை அடையுங்கள். நடுவில் "பாவம், கொஞ்சம் ஓடட்டும்" என்று ஸ்டார்ட் செய்து உடனே அணைக்காதீர்கள். சூடு முழுதாக ஏறாததால் உள்ளே நீர் கோத்து சைலன்சர் துருப்பிடிக்கும்.

மாற்றம் செய்யும்போது

21. போல்ட்டில் கழற்றி மாட்டக்கூடியதை மட்டும் மாற்றுங்கள். அறுக்காதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் எலக்ட்ரானிக் இக்னிஷன், அலுமினிய ரேடியேட்டர், ரேடியல் டயர் எல்லாம் ஒரே நாளில் பழையபடி மாற்றக்கூடியவை. பானெட்டில் துளை போட்டு ஏர் ஸ்கூப் வைப்பதும், டேஷ்போர்டை அறுத்து ஸ்டீரியோ வைப்பதும் திரும்பப் பெற முடியாத இழப்பு. கழற்றிய ஒவ்வொரு பாகத்திலும் பெயரும் தேதியும் எழுதிக் கட்டி வையுங்கள்.

22. நிற்கும் திறன், திரும்பும் திறன், சூடு தாங்கும் திறன், அதற்குப் பிறகுதான் வேகம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் 1968-இல் விட்ட நிலையிலேயே இருக்க, எஞ்சினில் மட்டும் 100 குதிரைசக்தியைக் கூட்டுவது விபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். செவர்லேயின் நவீன எல்எஸ் எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் போட்டு முழுதும் மாற்றிய கார்களுக்கு நல்ல சந்தை இருப்பது உண்மை. அந்த வேலைக்கு முதல் குறிப்பில் சொன்ன, அசலை ஏற்கெனவே இழந்த காரை எடுங்கள். அசல் எஞ்சினோடு இருக்கும் ஹெமியையோ, அந்தக் காலத்து எல்எஸ்6 எஞ்சின் வைத்த செவலையோ தொடாதீர்கள்.

விலை மதிக்கும்போது

23. ஏலச் செய்தியின் விலையை உங்கள் காருக்குப் பொருத்தாதீர்கள். 1971 ஹெமி 'குடா கன்வர்ட்டிபிள் ஒன்று 2014-இல் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த வகையில் தயாரானதே பதினொன்றுதான். செய்தியில் வரும் ஏல விலையில் பல சமயம் வாங்குபவர் கட்டும் கமிஷனும் சேர்ந்திருக்கும். ஹேகர்ட்டி விலைப் பட்டியல் கார்களை ஒன்று முதல் நாலு வரை தரம் பிரிக்கிறது: ஒன்று கண்காட்சித் தரம், நாலு ஓடும் நிலை. சொந்தக் காரை எல்லோரும் ஒரு படி உயர்த்தித்தான் மதிப்போம். ஒரு படி இறக்கிக் கணக்குப் போடுங்கள். குதிரைசக்தி எண்ணையும் நம்பி விலை பேசாதீர்கள். 1972 முதல் அளக்கும் முறையே மாறியதால், எஞ்சின் அதேதான் என்றாலும் எண் குறைந்துவிடும்.

24. யார் கையும் படாத பழைய காரைப் புதிதாக்க அவசரப்படாதீர்கள். ஸ்டீவ் மெக்வீன் 'புல்லிட்' படத்தில் ஓட்டிய 1968 மஸ்டாங்கை ஒரு குடும்பம் 1974-இல் 6,000 டாலருக்கு வாங்கியது. பச்சை பெயிண்ட் மங்கி, தகடு நசுங்கி, துரு ஏறி, படப்பிடிப்புக்குக் கேமரா மாட்ட அடியில் வெல்டிங் செய்த இரும்புத் துண்டுகளும் அப்படியே இருக்க, பல பத்தாண்டுகள் நின்றது. ஓடும் அளவுக்கு எஞ்சினை மட்டும் சீராக்கினார்கள், உடலைத் தொடவில்லை. 2020 ஜனவரியில் கிஸிம்மி ஏலத்தில் அது 34 லட்சம் டாலருக்குப் போனது. கமிஷனோடு 37 லட்சத்து 40 ஆயிரம். பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தால் அந்தக் கதையின் அடையாளங்கள் எல்லாம் அழிந்திருக்கும். அசல் பெயிண்ட்டை எத்தனை பணம் கொடுத்தாலும் இரண்டாம் முறை அடிக்க முடியாது.

25. 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற வகையில் மட்டும் இன்ஷூரன்ஸ் எடுங்கள். சாதாரண பாலிசியில் தேய்மானம் கழித்து ஐம்பது ஆண்டுப் பழைய காராகவே கணக்குப் போடுவார்கள். ஒப்புக்கொண்ட மதிப்பில், முதலில் பேசிய தொகை முழுதும் கைக்கு வரும். செய்த வேலைக்கெல்லாம் ரசீதும் புகைப்படமும் சேர்த்து ஒரே கோப்பில் வைத்தால் இன்ஷூரன்ஸுக்கும் உதவும், விற்கும்போது விலையும் கூடும். கோப்பு கனமாக இருக்கிறது என்பதற்காகக் காரைப் பூட்டியே வைத்துவிடாதீர்கள். ஓடாமல் நிற்கும் காரில் சீல் காய்ந்து ஆயில் ஒழுகும், பிரேக் பிடித்துக்கொள்ளும், கார்புரேட்டர் அடைக்கும். பனிக்காலம் தவிர, மாதம் ஒரு முறையாவது எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டுங்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: துரு குறைவு, காகிதம் நிறைவு, அறுபடாத உடல். இந்த மூன்றும் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஒன்று குறைந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மூன்றும் இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த காரைப் பாருங்கள்.